இரண்டு டேப் ரெக்கார்டர்களும் ஒரே ஒரு கார்டும்

1964-ல் சான்பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஓர் இளம் பெந்தெகொஸ்தே போதகர் நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்தார். இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் அதைப் பதிவு செய்துகொண்டார். பக்கத்தில் சிறகடித்த ஒரு புறாவும் நாடாவில் ஏறிவிட்டது. கேட்டால் யாரோ தாளம் தட்டுகிற மாதிரி இருக்கும்.

மழை வரப்போகிறது என்று போதகர் முழங்கும் இடத்தை மட்டும் இரண்டு நாடாக்களில் எடுத்து, முனையோடு முனை ஒட்டி, இரண்டு மலிவான டேப் ரெக்கார்டர்களில் சுழலவிட்டார் ரைஷ். ஒன்றில் வாக்கியத்தின் முதல் பாதி ஒலிக்கும்போது மற்றதில் 'மழை' விழவேண்டும் என்பது திட்டம். ஆனால் தற்செயலாக இரண்டும் ஒரே நொடியில் கிளம்பிவிட்டன. காதில் ஹெட்போன். குரல் முதலில் நடு மண்டையில் நின்றது. எந்த இரண்டு மோட்டார்களும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லையே! குரல் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தது, பிறகு எதிரொலியானது, பிறகு இரண்டு பேராகப் பிரிந்து ஒருவரை ஒருவர் துரத்தியது. திட்டத்தைக் கைவிட்டு, அந்த விலகலையே அவர் இசையாக்கினார். 1965-ல் 'இட்ஸ் கோனா ரெயின்' பிறந்தது இப்படித்தான். 1967-ல் 'பியானோ ஃபேஸ்' வந்தது. இயந்திரம் செய்ததை இரண்டு பியானோக் கலைஞர்கள் விரலால் செய்தார்கள்.

இதுவரை எனக்குச் சலிப்பில்லை. திரும்பத் திரும்ப வந்தாலும், காது துரத்திக்கொண்டு ஓட ஏதோ ஒன்று இருக்கிறது. சலிப்பு தட்டுவது 1970-ன் 'ஃபோர் ஆர்கன்ஸ்'-ல். நான்கு எலெக்ட்ரிக் ஆர்கன்கள், ஒரே ஒரு கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டு. அதன் ஸ்வரங்கள் நீண்டுகொண்டே போகும். மராக்காஸ் வாசிப்பவர் மட்டும் கைவிடாமல் குலுக்கிக்கொண்டிருப்பார். பாவம் அவர் கை.

1973 ஜனவரியில் நியூயார்க் கார்னெகி ஹாலில், இசை நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸ் இதை பாஸ்டன் சிம்பொனியின் கச்சேரியில் சேர்த்தார். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் இசையைக் கேட்க வந்திருந்த கூட்டம் பொறுமை இழந்தது. கூச்சல், போதும், நிறுத்துங்கள் என்கிற தோரணையில் நடுவிலேயே கைதட்டல். வாசிக்கிறவர்களுக்கே ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்காக டில்சன் தாமஸ் மேடையிலிருந்தே எண்ணிக்கையைக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை ரசனை கெட்டவர்கள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் அங்கே இருந்திருந்தால் கத்தியிருக்கமாட்டேன், கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பேன்.

ரைஷும் அந்த ஒற்றைக் கார்டிலேயே நின்றுவிடவில்லை. 1976-ல் முதன்முதலாக மேடையேறிய 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' பதினொரு கார்டுகளின் சுழற்சியில் எழுந்தது. அதற்குமுன் தான் எழுதிய எந்த முழுப் படைப்பையும்விட, இதன் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஹார்மனி அதிகம் நகர்கிறது என்று குறிப்பெழுதியவரும் அவர்தான்.