கிருஷ்ணதேவராயர் குழு உருவச்சிலை, திருமலை

திருமலை வேங்கடேசுவரர் கோயிலின் கிருஷ்ணராயர் மண்டபத்தில், விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தம் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவியுடன் நிற்கும் செப்புச் சிலைகள். மரபுடையில் குழுவாகப் படமெடுக்க விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் அரிது. அரசர் நடுவில், தேவியர் இருபுறமும், மூவரும் கைகூப்பியிருக்கிறார்கள். இந்த ஒரே பாவனைதான் மூன்று உருவங்களை ஒரு குழுவாக்குகிறது. செம்பு ஒரே நிறம் என்பதால் ஆடையின் சிறப்பை மடிப்பும் அணிகலனும் தலையணியின் வடிவமுமே சொல்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்திலும் இவை குன்றுவதில்லை.

முகங்கள் சிற்ப இலக்கணப்படி அமைக்கப்பட்ட பொதுமுகங்கள், எனவே இதை உருவப்படம் எனக் கொள்ளலாகாது என்பர் சிலர். முகத்தைப் பொறுத்தவரை அது நியாயமான ஐயமே. ஆனால் அரசரின் தலையில் உயர்ந்த குல்லாய் இருக்கிறது. அது பாரசீக மரபிலிருந்து விஜயநகர அவை ஏற்றுக்கொண்ட உடை. பொதுவான பக்தர் உருவத்துக்கு அது தேவையில்லை. சிலைகளில் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே இது குறிப்பிட்ட மனிதர்களின் உருவமே. அதற்கு முதற்சான்று உடை.