துறையில்லாத பட்டினம்: சென்னை வழிகாட்டி நூல்களின் வரிசைமுறை பற்றி

கிழக்கிந்தியக் கம்பெனியார் தென்னாட்டில் தாமே அடிகோலிய கடற்கரைப் பட்டினமாகிய சென்னைக்குப் புதிதாக வருவோர்க்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்கள், பெரும்பாலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வாயிலில் தொடங்கி, 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித மேரி தேவாலயத்தை வியந்து, மெரினாவில் சற்றே காற்று வாங்கி, மாமல்லபுரத்தில் முடிவடைகின்றன. பிரயாணியின் காலுக்கும் வண்டிக்கும் இவ்வரிசை வசதியானதே. ஆயினும், கோட்டை பிறந்து, பின்னர் அதன் நிழலில் ஊர் பிறந்தது என்னும் ஒரு சரித்திரக் கொள்கையை அது சொல்லாமற் சொல்லி வாசகர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அக்கொள்கை பிழை என்பதும், கரையில் மோதி உடையும் அலையையும் அவ்வலையைக் கடக்கத் தெரிந்த மனிதரையும் முதலிற் காட்டாத வழிகாட்டி அவ்வூரையே காட்டாதது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதனைத் தில்லியில் யமுனையின் கீழ்க்கரையில் உள்ள மயூர் விஹாரிலிருந்து எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. உத்தியோகத்தின் பொருட்டுத் தலைநகர் வந்து, இங்குள்ள கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் அடுக்குமாடிகளில் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், இன்று சென்னைக்குச் செல்வது விருந்தினராகத்தான். கோடை விடுமுறையில் தாத்தா வீட்டில் தங்கியிருக்கும் நாள்களுள் ஊர் பார்க்கக் கிடைப்பவை இரண்டோ மூன்றோ. அந்நாள்களில் வழிகாட்டி நூல் எதனை முதலில் காட்டுகிறதோ அதுவே அவர்களுக்கு மூதாதையர் ஊரின் வரலாறாகப் படிந்துவிடுகிறது. எனவே வரிசை என்பது அற்ப விஷயமன்று.

1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாளிட்ட சாசனத்தின் வாயிலாகத் தாமர்ல நாயக்கரிடமிருந்து இம்மணற்கரையைப் பெற்ற கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே, அங்கே துறைமுகம் இல்லை என்பதை அறியாதவர் அல்லர். வடக்கே பழவேற்காட்டில், உப்பங்கழியின் அரணோடு, 1613 முதலே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு டச்சுக்காரர் வீற்றிருந்தனர். தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர் ஒரு நூற்றாண்டாக வேரூன்றியிருந்தனர். இவ்விரண்டிற்கும் இடையே எஞ்சியது திறந்த கடற்கரை ஒன்றே. ஆயினும் இங்கே கிடைக்கும் பருத்தித் துணி வேறிடங்களைவிட நூற்றுக்கு 20 வீதம் மலிவு என்று அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். தறியின் விலையைக் கருதித் தேர்ந்த இடத்தில், கப்பல் படும் பாட்டைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். அப்பாடு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு நீடித்தது.

அக்காலமெல்லாம் கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரையேறியது மசூலாப் படகில். இப்படகின் நிர்மாணத்தை உற்று நோக்குதல் வேண்டும்: அதில் ஆணி இல்லை, பலகைகளை ஒன்றோடொன்று தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் இடுக்குகளில் வைக்கோலைச் செறித்திருப்பர். ஆணியறைந்து இறுக்கிய ஐரோப்பியப் படகு இக்கரையின் அலையில் மணலில் மோதிப் பிளந்துபோக, தைத்த படகோ அடிபடுந்தோறும் சற்றே நெளிந்து கொடுத்து, அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கரையேறியது. கவிழ்ந்தால் நீரில் விழுந்தோரைத் தூக்குவதற்குக் கட்டுமரக்காரர் உடன் வருவதுண்டு. அலை மிகுந்து படகே இறங்க இயலாத நாள்களில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதம் கொண்டு சென்றவரும் அவர்களே. கவர்னராக வந்தவர் முதல் கடைநிலை எழுத்தர் வரை, இந்நகரில் கால் வைத்த ஒவ்வோர் ஆங்கிலேயரும் முதலில் தம் உயிரை ஒப்படைத்தது இம்மீனவர் கையில்தான். இராயபுரத்தில் படகுக்காரச் சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இன்றும் நிற்கிறது. வழிகாட்டி நூல்கள் பல அதனை ஒரு வரியிலும் குறிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

இந்தக் கண்ணோடு கோட்டைக்குள் சென்றால் அங்குள்ளவை வேறு பொருள் தரும். கடல்வாயில் எனப்படும் கிழக்கு வாயிலுக்கு வெளியே இன்று அகன்ற சாலை ஓடுகிறது. முன்னர் அங்கே அலை அடித்தது. அவ்வாயிலிலிருந்து உள்ளே செல்லும் வழியில் நிழல் மண்டபமாக நின்ற கருங்கல் தூண்களை, 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குப் பெயர்த்துச் சென்றனர். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின் அவை திரும்பி வந்தன. கையால் தடவிப் பார்க்கத் தக்க சரித்திரம் இது. கோட்டைக்கு வடக்கே, உயர் நீதிமன்றம் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் தமிழரும் தெலுங்கரும் நெருங்கி வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணம். பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பின், பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று அதனை இடித்துத் தள்ளினர். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால், சென்னமல்லீசுவரரோடு இணைந்த இரட்டைக் கோயிலாக அது தேவராச முதலித் தெருவில் மீண்டும் எழுந்தது. நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்களை வருணிக்கும் நூல், அவற்றின் அடியில் ஒரு கோயிலும் ஊரும் இருந்தன என்று சொல்லாமற்போவது பெருங்குறை.

துறைமுகத்தின் கதை இதனினும் விசேஷமானது. 1861-இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு நீண்ட பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது, அது போதவில்லை. 1876-இல் அலைதடுப்புச் சுவர்கள் தொடங்கின. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது. 1904 முதல் 1919 வரை துறைமுக நிர்வாகத்தைத் தலைமையேற்று நடத்திய பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்திலேயே, கிழக்கு நோக்கிய வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பட, அது மெய்யான துறைமுகமாயிற்று. ஆயினும் இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்ந்துகொண்டே இருப்பது. அலைதடுப்புச் சுவர் குறுக்கே எழுந்ததும், தெற்கே மணல் தங்கி மேடிட்டது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் கரை அரித்தது. உலகம் புகழும் மெரினாவின் அகலம் இம்மணலால் வந்தது. 1842-இல் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைப்பதற்காகக் கடலருகே எழுந்த ஐஸ் ஹவுஸ், 1897-இல் விவேகானந்தர் தங்கிய அவ்வீடு, இன்று நீரிலிருந்து எவ்வளவு தொலைவு என்று நடந்து பார்ப்பவர்க்கு இது விளங்கும். அதே சுவரின் மற்றொரு விளைவாகிய இராயபுரம், காசிமேடு கரைகளிலோ, கருங்கற்பாறைகளைக் கொட்டித்தான் தெருக்களைக் காக்கிறார்கள். மெரினாவைக் காட்டிவிட்டு இதனைக் காட்டாத வழிகாட்டி ஒரு கணக்கின் வரவை மட்டும் படித்துச் செலவை மறைக்கிறது. மயூர் விஹாரில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை: புஷ்தா எனப்படும் கரையணையின் இப்புறம் மாடிவீடுகள் நனையாமல் நிற்க, 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டபோது அப்புறத்துக் காதர் என்னும் ஆற்றுப்படுகை நிலத்து உழவர் சாலையோரக் கூடாரங்களில் கிடந்ததை அவர்கள் கண்டவர்களே.

கட்டிடங்களைக் காண வந்தவனிடம் மணலையும் மீனவரையும் பேசுவது வழிகாட்டியின் வேலையன்று எனச் சிலர் மறுக்கக்கூடும். நம்முடைய பழைய வழிகாட்டிகள் அவ்வாறு கருதவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடாத்வரி இயற்றிய விசுவகுணாதர்ச சம்பு, விமானத்தில் நாடு சுற்றும் இரு கந்தர்வர்களின் உரையாடல். ஒருவன் ஒவ்வோர் இடத்திலும் குற்றம் காண, மற்றவன் குணம் காண்கிறான். இங்கே வந்த ஹூணர்களை, அதாவது ஐரோப்பியரைப், பற்றியும் இரு தரப்பும் பேசப்படுகின்றன. 1800-ஐ ஒட்டி எழுந்து, டாக்டர் வே. இராகவனால் பதிப்பிக்கப்பெற்ற சர்வதேவ விலாசத்திலோ, இரு புலவர்கள் சென்னையைச் சுற்றி வருகின்றனர். அவர்கள் நாடிச் செல்வது கோயில்களையும், வித்துவான்களைப் போற்றிய துபாஷிப் பிரபுக்களின் தோட்டங்களையும். ஊரை யார் தாங்கினர் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. 1913-இல் வெளிவந்த லவ் என்பாரின் நான்கு பாகப் பெருநூல் கம்பெனிப் பதிவேடுகளைத் திரட்டித் தந்த மகத்தான உழைப்பு. ஆனால் பதிவேடு கோட்டைக்குள் இருந்து எழுதப்பட்டது. பின்வந்த சிறு நூல்கள் அதன் உழைப்பை விட்டு அதன் நிற்குமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

சுற்றுப்புறங்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தெற்கே மாமல்லபுரம் வரை செல்லும் நூல்கள் வடக்கே பழவேற்காட்டை அரிதாகவே நினைக்கின்றன. முதல் நாளே, கோட்டைக்கும் முன்பாக, பிரயாணியை அங்கே கொண்டு செல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வாயிற்கற்களில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் கண்டபின், ஏரிக் கரையில் நின்று முகத்துவாரத்தை அவன் பார்க்கட்டும்: அமைதியான உப்பங்கழியும் மணலால் தூர்ந்துவிடும் என்பதையும், அடைபடும் நாள்களில் மீன்படகுகள் கடலுக்குச் செல்ல வழியின்றித் தவிக்கின்றன என்பதையும் அங்குள்ள மீனவரே அவனுக்குச் சொல்வார்கள்.