இடி தாக்குவதில்லை, எச்சரிக்கிறது!

மழைக்காலம் வந்துவிட்டால் 'இடி தாக்கி விவசாயி பலி', 'இடி விழுந்து மாடுகள் பலி' போன்ற செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். உண்மையில் இடி யாரையும் தாக்குவதில்லை. அது வெறும் சத்தம். தாக்குவது மின்னல். இதைப் புரிந்துகொண்டால், நாம் பயப்படும் அந்தச் சத்தமே நம் உயிரைக் காக்கும் எச்சரிக்கை என்பது விளங்கும்.

மின்னல் எப்படி உண்டாகிறது?

உயர்ந்து வளர்ந்த மழை மேகத்துக்குள் சிறு பனித் துகள்களும் சற்றே கனமான ஆலங்கட்டித் துகள்களும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. இந்த மோதலில் மின்னூட்டம் பிரிகிறது. பெரும்பாலும் மேகத்தின் மேல்பகுதியில் நேர் மின்னூட்டமும், கீழ்ப்பகுதியில் எதிர் மின்னூட்டமும் சேர்கின்றன. அளவு மிகும்போது காற்றைப் பிளந்துகொண்டு மின்சாரம் பாய்கிறது. பெரும்பாலான மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். சில மட்டுமே தரையைத் தொடுகின்றன.

மின்னல் செல்லும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. இது சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு வெப்பம். சூடான காற்று நொடிப்பொழுதில் வெடித்து விரிகிறது. அந்த அதிர்வுதான் இடி.

நொடிகளை எண்ணுங்கள்

ஒளி நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒலியோ சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது. அதனால்தான் மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைக்கு மேலேயே வரலாம். தலைக்கு மேல் மழை இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. மழை பெய்யும் இடத்தைத் தாண்டியும் மின்னல் விழும்.

எங்கே ஒதுங்குவது?

இடி கேட்டதும் வயல், திடல், மொட்டை மாடி, குளம், கடற்கரை ஆகியவற்றை விட்டு வெளியேற வேண்டும். கட்டி முடித்த வீடு, கண்ணாடி ஏற்றிய கார் ஆகியவை பாதுகாப்பானவை. காரில் நம்மைக் காப்பது ரப்பர் டயர் அல்ல. அதன் உலோக உடல் மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடுகிறது. சுவரில்லாத கொட்டகையும் பந்தலும் பாதுகாப்பு தராது.

மரத்தடி மிக ஆபத்தானது. மரத்தில் விழும் மின்னல் அருகில் நிற்பவர் மீது தாவும். தரை வழியாகவும் பரவும். மாடுகளின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி அதிகம். ஒரு காலில் ஏறும் மின்சாரம் உடல் வழியாக மறு காலில் இறங்கிவிடுகிறது. மரத்தடியில் கட்டிய கால்நடைகள் கூட்டமாக மடிவதற்கு இது முக்கியக் காரணம். தரையில் படுப்பதும் இதனாலேயே ஆபத்து.

வீட்டுக்குள் இருந்தாலும் குழாயில் குளிப்பதையும், சார்ஜரில் மாட்டிய செல்போனில் பேசுவதையும் தவிர்க்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

தொடலாமா?

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். இது தவறு. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை, தாராளமாகத் தொடலாம். இதயமும் மூச்சும் நின்றுபோவதாலேயே பலர் இறக்கிறார்கள். உடனே 108-க்குத் தகவல் கொடுங்கள். முடிந்தால் அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துங்கள். மூச்சு இல்லையென்றால் நடுமார்பில் இரு கைகளாலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அழுத்தமாக அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். இறந்துவிட்டார் என்று நாம் நினைப்பவர் பிழைத்துவிடவும் கூடும்.