வங்காளத்துச் சித்திரக்கதைக்காரர்

நாடாண்ட மன்னர்க்கு வரலாறு உண்டு. படை நடத்திய தலைவர்க்கும் வரலாறு உண்டு. குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர்க்கு வரலாறு உண்டா என்று எவரேனும் வினவினால், விடை கூறச் சற்றே தயங்குவோம். மாதந்தோறும் இதழை எதிர்பார்த்துக் காத்திருந்தோம், வந்ததும் முதலில் படக்கதைப் பக்கத்தைப் புரட்டினோம், சிரித்தோம், பின்னர் மறந்தோம். அப்பக்கத்தை வரைந்த கை யாருடையது, அக்கைக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டோமில்லை.

வேலை நிமித்தம் வங்காளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டில் தமிழும் தெருவில் வங்காளியும் பேசி வளர்ந்த குழந்தை, தானே எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வங்காளப் பக்கம் பாடநூலின் பக்கமாக இராமல் படக்கதையின் பக்கமாகவே இருந்திருக்கக் கூடும். அத்தகைய பக்கங்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வரைந்தளித்த நாராயண் தேப்நாத் என்னும் ஓவியரின் தொழில் வாழ்வை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

அவர் 1925ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ஹௌராவைச் சேர்ந்த சிப்பூரில் பிறந்தார். கிழக்கு வங்காளத்து விக்ரம்பூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. பொன் நகைத் தொழில் குலத்தொழிலாக இருந்தது. இளமையில் நகைகளுக்கு அவர் வடிவம் வரைந்ததுண்டு. பொன்னில் இழை பிசகினால் பொருள் நட்டமாகும் என்பதை உணர்ந்த வீட்டில் பழகிய கை, பிற்காலத்தில் கோடு பிசகாமல் வரைந்ததில் வியப்பொன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவின் கலைக்கல்லூரி ஒன்றில் சேர்ந்து பயின்றார். ஆயினும் இறுதித் தேர்வு வரை சென்று பட்டம் பெற்றாரில்லை. பின்னர்ச் சில ஆண்டுகள் விளம்பர நிறுவனங்களுக்காகத் திரைப்படக் கொட்டகைகளில் காட்டப்படும் விளம்பரத் தகடுகளையும் வணிகச் சின்னங்களையும் வரைந்து பிழைத்தார். மாதச் சம்பளம் என்பது இல்லை. வேலை வந்தால் கூலி, வாராவிடில் காத்திருத்தல். சுயேச்சையான கலைஞன் என்னும் சொல் கேட்பதற்கு இனியது. அதன் உட்பொருள் இதுவே.

1950ஆம் ஆண்டளவில் கல்கத்தாவின் புகழ்பெற்ற பதிப்பகமாகிய தேவ் சாகித்திய குடீரத்துடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் சிறுவர் நூல்கள் பலவற்றுக்கு அவர் படம் வரைந்தார். மேலைநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளும் அவற்றுள் அடங்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி நெருக்கமானது. பிறர் எண்ணத்தைத் தன் கையால் வெளியிடுவதும், பக்கக் கணக்கில் கூலி பெறுவதும், அட்டையில் தன் பெயரைத் தேடிக் காணாதிருப்பதும் இவ்விரு தொழிலுக்கும் பொதுவானவை.

சித்திரக்கதை வங்காளத்துக்கு அந்நாளில் முற்றிலும் புதியதன்று. பிரதுல் சந்திர லாஹிரி என்பார் நாளேட்டில் படத்தொடர் வரைந்து புகழ் பெற்றிருந்தார். எனினும் சிறுவர் மாத இதழில் நிலைத்த பாத்திரங்களைக் கொண்டு தொடர்ந்து வரும் சித்திரக்கதைக்கு வேர் ஊன்றியவர் தேப்நாத் என்றே கூறலாம். பதிப்பகத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், ‘சுக்தாரா’ என்னும் மாத இதழில் 1962ஆம் ஆண்டு ‘ஹாந்தா போந்தா’ தொடங்கியது. ஒல்லியான ஹாந்தா சூழ்ச்சிக்காரன். பருத்த போந்தா வெள்ளையுள்ளத்தான். பிறருக்கு வெட்டிய குழியில் ஹாந்தாவே வீழ்வான். இக்குறும்புகளுக்காக ஓவியர் தொலைவில் எங்கும் செல்லவில்லை. சிப்பூர்த் தெருச் சிறுவரின் விளையாட்டையே உற்று நோக்கிக் கதையாக்கினார்.

1965ஆம் ஆண்டு அதே இதழில் ‘பாண்டுல்’ தோன்றினான். அகன்ற மார்பு, பனியன், அரைக்கால் சட்டை, வெறுங்கால்: இவ்வளவே அவன் கோலம். வங்காளத்தின் முதல் மாவீரச் சித்திர நாயகன் அவன். 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போர் மூண்டபோது, பாண்டுலை எவராலும் வெல்ல முடியாதவனாகக் காட்டுமாறு பதிப்பாளர் வேண்டினர். சட்டச் சிக்கல் நேருமோ என்று ஓவியர் முதலில் தயங்கினார். உறுதி அளிக்கப்பட்ட பின்னரே இசைந்தார். அதன்பின் பாண்டுல் போர் ஊர்திகளையும் விமானங்களையும் எதிர்த்து நின்றான். துப்பாக்கிக் குண்டுகள் அவன் மார்பில் பட்டுத் தெறித்தன. கற்பனை வீரனுக்குக் குண்டு பொருட்டன்று. அவனை வரைபவருக்கோ ஒரு வழக்கும் பெருஞ்சுமையாகும். பின்னால் நின்று காக்க அலுவலகம் ஒன்றில்லாதவனின் அச்சம் அது.

1969ஆம் ஆண்டு ‘கிஷோர் பாரதி’ என்னும் மற்றோர் இதழில் ‘நொன்டே பொன்டே’ என்னும் விடுதி மாணவர் கதை தொடங்கியது. கதையை எண்ணுவதும், கட்டங்களாகப் பகுப்பதும், கரிக்கோலால் வரைந்து மையால் முடிப்பதும், பேச்சை எழுதுவதும் ஆகிய அனைத்தையும் அவர் ஒருவரே செய்தார். மேலைநாடுகளின் பெரிய சித்திரக்கதை நிறுவனங்களில் இவ்வேலைகள் நால்வர் ஐவருக்குப் பகிர்ந்தளிக்கப்படும். ஒரு தொடரை ஐம்பது ஆண்டுகள் மட்டுமே வரைந்தார் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், அது 600 மாதங்கள். 600 முறை புதிதாக ஒரு நகைச்சுவையைக் கண்டாக வேண்டும். காய்ச்சல் வந்தாலும் வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் அச்சகம் காத்திராது.

இனி உரிமையைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, விதிவிலக்குகள் நீங்கலாக, படைத்தவரே படைப்பின் முதல் உரிமையாளர். ஆனால் சட்டம் தரும் உரிமை வேறு. கையில் வந்து சேரும் பணம் வேறு. எழுத்து மூலமான ஒப்பந்தமும், எது எப்போது வெளியாயிற்று என்ற குறிப்பும், கேட்டுப் பெறும் துணிவும் சேர்ந்தாலன்றி உரிமை பயன் தாராது. அடுத்த மாத வேலையை நம்பியிருப்பவன் சென்ற மாத உரிமையை வற்புறுத்துவது எளிதன்று. தனித்தொழில் செய்யும் கலைஞர் எல்லார்க்கும் உள்ள இக்கட்டு இதுவே.

பாராட்டும் அவருக்குக் காலந்தாழ்ந்தே வந்தது. பல்லாண்டு இதழ்களில் சிதறிக் கிடந்த படைப்புகள் இந்த நூற்றாண்டிலேயே பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. 2013ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கியப் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது எண்பத்தேழு. 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதனை அவர் பெற்றது 2022 ஜனவரியில், மருத்துவமனைப் படுக்கையில். அதே மாதம் 18ஆம் நாள், தம் தொண்ணூற்றாறாம் வயதில் அவர் மறைந்தார்.

விருது பிந்தி வந்ததற்கு அரசையும் கழகங்களையும் மட்டும் குறை கூறுதல் முறையாகாது. சிரிப்பை எளிய பொருள் என்று எண்ணி, அதை விளைவித்தவரின் உழைப்பையும் எளியதாகக் கருதிய வாசகர் கூட்டத்தில் நாமும் உள்ளோம். எந்த மாநிலத்தில் நாம் வாழ்ந்தாலும், அம்மண்ணின் பெருங்கவிஞரை அறிந்துகொள்ள முயல்கிறோம், அது நன்றே. அத்துடன் அண்டை வீட்டுக் குழந்தை விரும்பிப் படிக்கும் படக்கதை எது என்றும் கேட்டறிவோமாக. நம் குழந்தை அதைப் படித்துச் சிரிக்கும்போது, பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஓவியரின் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்வோமாக.