பள்ளிக் கதவு யாருக்கு முதலில் திறந்தது?

“ஓதுவீராக” என்னும் கட்டளையோடு வஹீ இறங்கத் தொடங்கிய மார்க்கம் நம்முடையது. கல்வி தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தபோது, செல்வர், ஏழை என்று பிரிக்கவில்லை. ஆயினும் அக்கடமையை நிறைவேற்றும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே காலத்தில் கிட்டிவிடவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தன. பிள்ளைகளின் ஈமான் பறிபோய்விடுமோ எனப் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆனால் அரசாங்க உத்தியோகம், சட்டம், மருத்துவம் யாவற்றுக்கும் ஆங்கிலமே வழியாயிருந்தது. ஈமானைக் காக்க ஒதுங்கிய சமுதாயம் உலகியற் கல்வியில் பின்தங்கியது.

அதனால் நம் முன்னோரைக் கல்லாதோர் என்பது பிழை. அவர்கள் குர்ஆன் ஓதக் கற்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழை ஆண்களும் பெண்களும் பயின்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றோர் அரபுத்தமிழில் எழுதிய நூல்கள் வீடுகளில் மார்க்கம் போதித்தன. ஆனால் அரசாங்க அலுவலகத்தில் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர், 1838இல் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிக் கல்வியின் தேவையை வலியுறுத்தினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒராபி பாஷா அவருக்குத் துணைநின்றார். வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் உழைப்பும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் ஒரு மத்ரஸா உருவாயிற்று. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தபோது பெற்றோரின் அச்சம் தணிந்தது.

ஆனால் வறுமை என்னும் தடை எஞ்சி நின்றது. கொழும்பு வணிகரின் மகனுக்கு எட்டிய கல்லூரி, கிழக்கிலங்கை நெல் விவசாயியின் மகனுக்கு எட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் 1911இல் பிறந்து, அங்குள்ள இந்துப் பாடசாலைகளில் பயின்று, 1935இல் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ். கல்முனையில் பணியாற்றியபோது இந்த ஏழ்மையை அவர் நேரில் கண்டார். திறமையிருந்தும் வசதியற்ற மாணவர்களுக்காக 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவர் முயற்சியால் தோன்றியது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் ஏழைகளுக்கு வழிதிறந்தது.

எல்லோருக்கும் பின்னால் நின்றவர்கள் பெண்பிள்ளைகள். கண்டியில் அவர்களுக்கெனவும் சித்தி லெப்பை பள்ளி நடத்தினார். எனினும் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தோன்றியது 1946இல்தான். ஆண்பிள்ளைகளின் மத்ரஸாவுக்கும் அதற்கும் இடையே 54 ஆண்டுகள்! வாப்பாமாருக்கு மகள்மீது அன்பில்லாமலா இப்படி நேர்ந்தது? கையில் இருப்பது ஒரு பிள்ளைக்கே போதும் என்றால் மகனே அனுப்பப்பட்டான். பள்ளி தொலைவில் இருந்தால் மகளே வீட்டில் நிறுத்தப்பட்டாள். ஆசிரியை இல்லாத பள்ளிக்கு மகளை அனுப்பத் தயங்கினார்கள். மகள்கள் படிக்காததால் ஆசிரியைகளும் உருவாகவில்லை. ஏழை வீட்டில், தொலைதூரக் கிராமத்தில், பெண்ணாகப் பிறந்தவளுக்கு மூன்று தடைகளும் ஒன்றுசேர்ந்தன. அவளுக்கு அறிவு குறைவு என்று யார் சொல்ல முடியும்?

இவற்றுள் எந்தக் கதவும் தானாகத் திறக்கவில்லை. இன்னும் யார் வெளியே நிற்கிறார் என்று ஒருவர் திரும்பிப் பார்த்தபோதே திறந்தது. நம் மஹல்லாவில் பணமின்றிப் படிப்பை நிறுத்திய பிள்ளை யார்? அண்ணன் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டுக்கொடுத்த தங்கை யார்? பைத்துல்மால் நிதியைப் பங்கிடும்போதும், வீட்டில் கல்விச் செலவைக் கணக்கிடும்போதும் இக்கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

அதற்கான நல்லெண்ணத்தையும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.