பத்தடிக்குப் பன்னிரண்டடி

கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில், எட்டுக் காம்பராக்களில் (அறைகளில்) மூன்றாவதில் நான் பிறந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை; அதில் பாதியை அடைத்து அடுப்பு. பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரைத் தகரத்தைத் தொடாது. அங்கே தாளித்தால் இங்கே மணக்கும். அங்கே கிழவர் இருமினால் இங்கே என் தங்கை விழித்துக்கொள்வாள்.

2021 ஆகஸ்டில் அம்மாவுக்குக் கொரோனா. நான் அப்போது கண்டி நகரில் இருந்தேன். நோயாளியைத் தனி அறையில் வையுங்கள், தனிக் கழிப்பறை கொடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள் என்று சுகாதாரத் துறையினர் சொல்லியிருந்தார்கள். சொன்னதில் பிழையே இல்லை. தம்பி போனில் கேட்டான்: “எந்த அறைண்ணே? நமக்கு இருக்கிறதே ஒண்ணுதானே.”

அந்தக் கேள்விதான் லயத்தின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

1824இல் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டியைச் சுற்றிய மலைகள் கோப்பியாயின. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடு கடந்து நடந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் பழம் பறித்துவிட்டுச் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். பெரும்பாலும் ஆண்கள். சில மாதம் படுத்தெழ ஒரு கூரை போதும் என்ற கணக்கில் எழுந்ததுதான் லயம்.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி பருவத்துக்குப் பழுப்பது. தேயிலைக்கொழுந்தோ வருடம் முழுக்கக் கிள்ள வேண்டியது. பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. குடும்பங்கள் வந்தன, தங்கின, பிள்ளை பெற்றன. கட்டடம் தகரமாயிற்று, கல்லாயிற்று. அறையின் கணக்கு மட்டும் கோப்பிக்காலக் கணக்காகவே நின்றது.

தொற்றைப் பற்றி ஆட்சியாளர்களுக்குப் பயம் இல்லாமலில்லை. தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் ஆட்களை நாள்கணக்கில் நிறுத்திவைத்துப் பரிசோதித்து, அம்மைப்பால் குத்தித்தான் கப்பலேற்றினார்கள். காவல் எல்லாம் வாசலில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கண்டிக்கு அருகே அக்குறணையை மூடியபோதும், அந்தத் தீபாவளிக்குக் கொழும்புப் பக்கம் வேலைசெய்யும் எங்கள் பிள்ளைகள் மலையேறாதபடி தடுத்தபோதும் அதே வழிதான். அவற்றை நான் குறைசொல்லவில்லை. நோய் பரவும் வேகம் அப்படி. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட நோய்க்கு, ஓர் அறை வீட்டில் யார் என்ன செய்ய முடியும்?

2020 கடைசியில் கொரோனா பற்றிய பல நாடுகளின் 54 ஆய்வுகளை ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்குத் தொற்றியிருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களைவிடக் கணவனுக்கோ மனைவிக்கோ கூடுதலாக. பக்கத்தில் படுப்பதும், நெடுநேரம் ஒரே காற்றைச் சுவாசிப்பதும் காரணமாக இருக்கலாம். எங்கள் காம்பராவில் அன்று அம்மா, அப்பா, தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லோருமே பக்கத்தில் படுப்பவர்கள்தான். கழிப்பறையும் தண்ணீர்ப் பீலியும் லயத்துக்கே பொது.

தம்பி இஸ்தோப்பில் சேலையைக் கட்டித் திரையாக்கி அம்மாவைப் படுக்கவைத்தான். மழைச்சாரல் அடித்த இரவில் அம்மாவைத் திரும்ப உள்ளே தூக்கிவந்தார்கள். ஐந்தாம் நாள் அப்பா இருமினார். எட்டாம் நாள் சுவருக்கு அப்பாலிருந்தும் இருமல் கேட்டது.

எல்லோரும் பிழைத்தார்கள். இப்போது வீட்டுத்திட்டப் பட்டியலில் தம்பியின் பெயர் இருக்கிறது: 7 பேர்ச் காணி, 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை. படத்தைக் காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “நடுச்சுவரு கூரை வரைக்கும் போகுமாப்பா?”