வாழ்நாள் பறவைப் பட்டியல்

ஒருவர் தாம் நேரில் கண்டு இனம் உறுதிசெய்த பறவைகளை, முதலில் கண்ட நாளும் இடமும் சேர்த்துக் குறித்து வைப்பது வாழ்நாள் பறவைப் பட்டியல். கள்ளக்குறிச்சி மாவட்ட மாணவர்கள் இதைத் தொடங்கக் கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணை நல்ல இடம்.

முன்பு இந்தக் கணக்கைத் துப்பாக்கிதான் எழுதியது. 1929இல் தொடங்கிய வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு, கல்வராயனை அடுத்த சித்தேரி மலையிலும் சேர்வராயனிலும் நடந்தது. பறவையைச் சுட்டு, தோலுரித்துப் பாடம் செய்து, காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். இடமும் தேதியும் எழுதிய அந்தச் சீட்டு இல்லையேல் அது வெறும் இறகுக் கட்டுதான். ஹியூ விஸ்லரும் கின்னியரும் 1930களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய கட்டுரைகளுக்கு அச்சீட்டுகளே ஆதாரம்.

இன்று தொலைநோக்கியும் குறிப்பேடும் போதும். ஆனால் சீட்டின் வேலையைக் குறிப்பேடு செய்ய வேண்டும். எத்தனை இனம் கண்டோம் என்ற போட்டி பிறகு இருக்கட்டும். அணைக்கரையில் தொலைவில் அமர்ந்திருப்பது சின்ன நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா என்று தெரியாவிட்டால் ‘நீர்க்காகம்’ என்று மட்டும் எழுதுவதே நேர்மை. பட்டியலில் சேர்க்கக் கூடாது. எண்ணிக்கை, நேரம், நீர்மட்டம் ஆகியவற்றையும் குறிக்கலாம். பின்னாளில் ஏரி தூர்ந்தாலோ ஆக்கிரமிக்கப்பட்டாலோ, அங்கே வாத்துகள் வந்திருந்தன என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

2002இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளத்தில் இக்குறிப்புகளைச் சேர்க்கலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் நடந்துவருகிறது. வலசை வாத்துகள் இங்கே தங்கியிருக்கும் பருவமும் அதுவே.